ஹோல்டான் கூட்டம்

இரண்டே சொற்களை வைத்து முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவர் கண்டக்டர். பஸ்ஸை எடுக்கச் சொல்ல ‘ரைட்’. நிறுத்தச் சொல்ல ‘ஹோல்டான்’. தொண்டை கட்டிய நாளில் விசில். இரண்டு ஊதினால் ரைட், ஒன்று ஊதினால் ஹோல்டான். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சொற்கள் ஓய்வு பெறவில்லை. கடைக்குக் கிளம்பினால் ரைட். தட்டில் சோறு போதும் என்றால் ஹோல்டான். மனைவி கோபமாக இருந்தால் விசிலை எடுத்து மெதுவாக ஒன்று ஊதுவார். கோபம் இரண்டு மடங்காகும்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாப்பிள்ளை. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். அவனுக்கு ஒரே சொல்தான். ‘சரி’. அவன் மனைவி, இவர்களுடைய ஒரே மகள், பதினோரு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னாலும் அவன் வாயாடி இல்லை. ஆனால் சரிக்குப் பிறகு ஏதாவது சொல்வான். இப்போது சரியோடு முடிந்துவிடும். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அத்தை சொன்னாள். சரி என்றான். இருந்தான்.

அந்த மாதம் முதல் வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். மேற்பார்வையாளர் வேலை. வருகிறாயா இல்லையா என்று முப்பதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். வராவிட்டால் இங்கேயே பழைய வேலை. அவன் கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். தண்ணீர் எடுக்கிற சாக்கில் கண்டக்டர் அதை நாலு தடவை படித்தார். ஃபிரிட்ஜைத் துடைக்கிற சாக்கில் அத்தை ஆறு தடவை படித்தாள். யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் எதிரில்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

“நீங்க ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?” என்றாள் அத்தை.

“என்னன்னு கேக்கறது? பொண்ணு இருந்தா மாப்ள. பொண்ணு இல்லாம எந்த உரிமையில புடிச்சு வைக்கிறது? இறங்கறேன்னு எந்திரிச்சவரை மறிக்கக் கூடாது. எங்க தொழில்ல அதுதான் மொதப் பாடம்.”

“அவரு இன்னும் எந்திரிக்கவே இல்லியே.”

“சன்னல் பக்கம் பாக்க ஆரம்பிச்சாச்சு. எனக்குத் தெரியாதா?”

மாப்பிள்ளை சோப்பைத் தேய்த்தபடி நின்றான். போகிற ஆசை அவனுக்கு இருந்ததா என்றால் இல்லை. இருக்கிற ஆசையும் இல்லை. யாராவது தள்ளினால் தள்ளின பக்கம் போவான்.

மறுநாள் காலையில் கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்ள, ஞாயித்துக்கிழமை லீவுதானே? ஒரு மெஷின் பாக்கப் போறோம். காசு போட்டா பிஸ்கட் விழும்ல, அந்த மெஷின்.”

“சரி.”

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“எதுக்கு மாமா?”

“தொழிலுக்குத்தான். சும்மா உக்காந்தே இருந்தா துரு புடிச்சிரும். ஆனா எனக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகறதுன்னே தெரியாது. பழுது பாக்க ஓர் ஆள் வேணும். நிரந்தரமா.” கடைசிச் சொல்லைச் சொல்லும்போது ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

“உங்களுக்கு பல்பு மாட்டவே ஓர் ஆள் வேணும்,” என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

பழைய மெஷின் விற்கிறவருக்குப் பெயர் கியாரண்டி. பெற்றோர் வைத்த பெயர் எதுவோ. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும் என்பதால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. தகரக் கொட்டகை. உள்ளே மெஷின்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. வெயில் தகரத்தில் ஏறி, கொட்டகை அடுப்பு மாதிரி இருந்தது.

“இது டீ மெஷின். பட்டன் அமுக்கினா டீ. கியாரண்டி.”

மாப்பிள்ளை பின்கதவைத் திறந்தான். குழாயில் பால் பவுடர் கெட்டித்து மஞ்சளாகியிருந்தது. ஓர் எறும்பு வரிசை உள்ளே போய் இன்னொரு பக்கமாக வெளியே வந்தது.

“தினம் கழுவணும்,” என்றான்.

“யாரு?” என்றாள் அத்தை. மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். “அடுத்த மெஷினக் காட்டுங்க.”

அடுத்தது குளிர்பான மெஷின். முகப்பு முழுக்க விளக்கு. கண்டக்டருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கியாரண்டி பிளக்கைச் செருகினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

“கம்ப்ரஸர் கொஞ்சம் பேசும்,” என்றார் கியாரண்டி.

“பேசலய்யா, அழுவுது,” என்றார் கண்டக்டர். ஆசை ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. “மேட்டுல செகண்ட் கியர்ல ஏறுற சத்தம் இது. நான் தூக்கத்துல கூடச் சொல்லுவேன்.”

“தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும். கரண்ட் போனா சரக்கெல்லாம் சூடாயிரும்,” என்றான் மாப்பிள்ளை.

மூன்றாவது மெஷின் மூலையில் இருந்தது. விளக்கு கிடையாது, குளிர் கிடையாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆறு தட்டு, தட்டுக்கு எட்டுக் கம்பிச் சுருள். சுருள் இடுக்குகளில் பாக்கெட்டை வரிசையாகச் செருகி வைக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் சுருள் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் நிற்கிற பாக்கெட்டைத் தள்ளிவிடும். அது கீழே தொட்டியில் விழும். அவ்வளவுதான் சமாச்சாரம். கெட்டுப்போகிற பொருளை இதில் வைக்க முடியாது. கெட்டுப்போகிற உறுப்பும் இதில் குறைவு.

கியாரண்டி காசைப் போட்டுப் பட்டனை அமுக்கினார். சுருள் சுற்றியது. பாக்கெட் விளிம்புவரை வந்து, விழாமல் தொங்கியது.

“தட்டினா விழும். கியாரண்டி.” கதவை ஓங்கித் தட்டினார். விழவில்லை.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தான். அத்தை அதைப் பார்த்தாள். வீட்டில் ஓடாத கடிகாரம் ஒன்று பதினாலு மாதமாகச் சுவரில் இருந்தது. அதற்காகக்கூட அவன் கையை மடித்ததில்லை.

“சுருளோட நுனி கீழ பாத்து நிக்கணும். இது பக்கவாட்டுல நிக்குது. அதான் விடாமப் புடிச்சிருக்கு.”

“ஃபுட்போர்டுல தொங்கற பய மாதிரி,” என்றார் கண்டக்டர்.

சுருளைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினான். மறுபடி காசு, மறுபடி பட்டன். பாக்கெட் பொத்தென்று விழுந்தது. கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு ஊதினார். கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

அத்தை மட்டும் அசரவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றிக் கதவு ரப்பரைத் துடைத்து முகர்ந்தாள். தொட்டிக்குள் கையை விட்டுத் துடைத்து அதையும் முகர்ந்தாள்.

“எலி வாசம் இல்ல. இத எடுங்க.”

“லைட் இல்லியேடி,” என்றார் கண்டக்டர்.

“உங்க மூஞ்சில இருக்கற வெளிச்சம் போதும்.”

மெஷின் வாங்கியாயிற்று. அதை எங்கே வைப்பது என்பதில்தான் கண்டக்டர் தன் வித்தையைக் காட்டினார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் ஊரில் நாலு இடத்தில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார். நின்ற பஸ்ஸில் ஒரு பார்வையில் தலை எண்ணிப் பழகியவர். பஸ் நிலையத்தின் வெளிவாசல் ஜெயித்தது.

“மணிக்கு ஆயிரத்து இருநூறு தலை!”

“தலை பிஸ்கட் திங்காது. வாய்தான் திங்கும்,” என்றாள் அத்தை.

“ஒவ்வொரு தலையிலயும் ஒரு வாய் இருக்குடி.”

பழைய சிநேகிதத்தில் பஸ் நிலையத்தில் இடம் கிடைத்தது. ஐந்து நாள் மெஷின் அங்கே நின்றது. இருபத்து மூன்று பாக்கெட் போயின. அதில் பதினாலு கண்டக்டரே வாங்கியது. ஒருவன் தின்பதைப் பார்த்தால் நாலு பேருக்கு ஆசை வரும் என்று மெஷின் பக்கத்தில் நின்று தின்றார். யாருக்கும் ஆசை வரவில்லை. அவருக்கு வயிற்றுவலி வந்தது.

ஆறாம் நாள் அத்தை ஒரு முக்காலியோடு போனாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அன்று மாலை மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது தீர்ப்புச் சொன்னாள்.

“இவ்வளவு வருஷம் கண்டக்டர் வேலை பாத்த மனுஷனுக்கு இது தெரியல பாருங்க மாப்ள. அந்த வாசல்ல போறவன் பூரா ரைட்டு. ஒருத்தன் கூட ஹோல்டான் இல்ல.”

“என்னடி சொல்றே?”

“இறங்கினவன் வீட்டுக்கு ஓடறான். அவனுக்கு எதுக்கு உங்க பிஸ்கட்? வீட்ல சோறு இருக்கு. எவன் போக முடியாம மாட்டிக்கிட்டு, பேசவும் ஆள் இல்லாம, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருக்கானோ, அவன்தான் காசு போடுவான். நமக்கு வேண்டியது ரைட் கூட்டம் இல்ல. ஹோல்டான் கூட்டம்.”

கண்டக்டர் நோட்டை மூடினார். மாப்பிள்ளை ஒற்றை ஷூவோடு நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவன். அத்தை மெஷினைப் பற்றித்தான் சொன்னாள். சரி.

அடுத்த நாலு நாள் அத்தையின் தலைமையில் ஹோல்டான் கூட்டத்தைத் தேடினார்கள். முடிவெட்டும் கடையில் கூட்டம் காத்திருந்தது. ஆனால் அங்கே காற்றில் முடி பறந்தது, யாருக்கும் வாயைத் திறக்க மனம் வராது. வண்டி சர்வீஸ் நிலையத்தில் முதலாளியின் மைத்துனர் ஏற்கெனவே கடை போட்டிருந்தார். கண் டாக்டரிடம் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தது. பட்டனில் இருந்த எண் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் காசை மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரில் போடப் பார்த்தார்.

இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, மெஷின் வீட்டுக் கூடத்துக்கே திரும்பி வந்தது. டீவியை மறைத்துக்கொண்டு நின்றது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மெஷின் நாலாவது ஆள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

“வித்துரலாமா?” என்றார் கண்டக்டர்.

“கியாரண்டி திருப்பி எடுத்துப்பாரா?” என்றாள் அத்தை.

“அவரு எடுத்துக்க மாட்டாருன்னு நான் கியாரண்டி.”

யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஃபிரிட்ஜ் மேல் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

“நீச்சல் குளம்,” என்றான் மாப்பிள்ளை.

“என்ன மாப்ள?”

“நகராட்சி நீச்சல் குளம். சனி ஞாயிறு காலையில வகுப்பு நடக்கும். கூட வர்றவங்க வெளிய பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கணும். உள்ள கடை கிடையாது. பக்கத்துலயும் கிடையாது. தண்ணியிலேர்ந்து வெளிய வர்றவங்களுக்குப் பயங்கரமாப் பசிக்கும்.”

பதினாலு மாதத்தில் அவன் தொடர்ந்து இவ்வளவு பேசியதில்லை. கண்டக்டர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே.”

“எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.”

“எவளுக்கு?” என்றாள் அத்தை. தெரிந்தேதான் கேட்டாள்.

“எட்டு மாசம் கத்துக்கிட்டா. உங்ககிட்ட, துணி எடுக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போவோம்.”

“அதானே!” அத்தை கரண்டியை மேசையில் வைத்தாள். “எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம துணி எடுத்தீங்க. ஒரு கைக்குட்டை கூட வீட்டுக்கு வரலியேன்னு அப்பவே நெனச்சேன்.”

“உங்ககிட்ட சொன்னா விட மாட்டீங்கன்னா.”

“விட்டிருக்க மாட்டேன்தான். பக்கெட்ல தண்ணி நெறைஞ்சிருந்தாலே நான் அவளப் புடிச்சு இழுப்பேன்.” தட்டு விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் தள்ளினாள். பிறகு கேட்டாள், “நல்லா நீந்துவாளா?”

“மொத மாசம் தண்ணியக் குடிச்சா. அவ்வளவும் குடிச்சா. டீச்சரே, குளத்துல கொஞ்சம் மிச்சம் வைம்மான்னாங்க. அப்புறம் புடிச்சுக்கிட்டா. கடைசியில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நிக்காமப் போவா.”

“அந்தக் கரைக்கா?” என்றார் கண்டக்டர்.

“போய்த் திரும்பி வருவா மாமா. வெளிய வந்து தலையக் கூடத் துவட்ட மாட்டா. ஏதாவது குடு, இல்லன்னா உன் கையக் கடிச்சிருவேன்னு நிப்பா. நான் வாழைப்பழம் வச்சிருப்பேன். ஒரு நாள் மறந்துட்டேன். நெஜமாவே கடிச்சிட்டா.”

கையைத் திருப்பிக் காட்டினான். கையில் எதுவும் இல்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் மறுபடி சிரித்தாள்.

“சின்ன வயசுல என்னையும் கடிப்பா,” என்றாள். “போட்டுக்கோங்க மாப்ள, ஒரு கரண்டி. ஹோல்டான்லாம் கிடையாது.”

மறுநாள் காலை மூவரும் குளத்துக்குப் போனார்கள். நீளமான சுவர். குளோரின் வாடை. சுவர் ஓரமாக ஐந்து பெஞ்சு. பெஞ்சு நிறையப் பெற்றோர்கள், மடியில் துண்டு, பேச ஆள் இல்லாமல். கையை எங்கே வைப்பது என்று தெரியாத அசல் ஹோல்டான் கூட்டம். அத்தை கண்டக்டரைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவர் தலை எண்ணுகிற நோட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

நீச்சல் சொல்லித் தருகிற அம்மாவின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. பிள்ளைகள் அவரை விசில் டீச்சர் என்றுதான் சொன்னார்கள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“வாழைப்பழம் சார்தானே நீங்க?”

“ஆமா டீச்சர்.”

“எங்க ஆளையே காணோம்? வீட்டம்மா நீச்சல விட்டுட்டாங்களா?”

அவன் சுவரைப் பார்த்தான். அத்தை முன்னால் வந்தாள். “போன வருஷம் தவறிட்டா. காய்ச்சல். நான் அவ அம்மா.”

டீச்சர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார். “அவ மாதிரி மூச்சுப் புடிக்கிறவங்க என் வகுப்புல இன்னிவரைக்கும் இல்லம்மா,” என்றார். அத்தை அதைக் கவனமாக வாங்கிக்கொண்டாள்.

மெஷின் பேச்சு நடந்தது. டீச்சர் கடைசியில் சொன்னார்: “வர்ற சனி, ஞாயிறு வச்சுப் பாருங்க. எனக்குச் சரின்னு பட்டா இருக்கட்டும், நான் எழுதித் தர்றேன். ஒரே நிபந்தனை. தண்ணிக்குள்ள இருக்கற பிள்ளைங்க கவனம் சிதறக் கூடாது.”

“எங்களால ஒரு சத்தம் வராது,” என்றார் கண்டக்டர்.

அடுத்த சனி இருபத்தெட்டு. அத்தை சரக்கு அடுக்கினாள். வறுத்த கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட். மூன்றாவது தட்டு முழுக்கக் காய்ந்த வாழைப்பழத் துண்டு. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு முதல் வகுப்பு வெளியே வந்தது. ஈரத் தலை, நடுங்குகிற தாடை, பெற்றோரின் பர்சுக்குள் கையை விட்ட வேகம். எல்லோரும் மெஷினை மொய்த்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். பெற்றோர் கொடுத்த நோட்டு பிள்ளைகளின் கைக்குப் போனதும் நனைந்துவிட்டது. நனைந்த நோட்டை மெஷின் வாங்கவில்லை. நாக்கை நீட்டுவது மாதிரி திருப்பித் தள்ளியது.

“துப்புது!” என்றது ஒரு பெண் குழந்தை.

“நோட்டு வாங்கற இடத்துல ஈரம் பட்டா உணராது மாமா,” என்றான் மாப்பிள்ளை. “காசு போட்டாத்தான் ஆகும்.”

கண்டக்டரின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்துக்கு எந்தக் குளிர்பான மெஷினும் ஈடாகாது. ஓடிப்போய் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து பழைய தோல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஓய்வு பெற்ற நாளில் திருப்பித் தந்திருக்க வேண்டிய பை. உள்ளே சில்லறை குலுங்கியது.

“சில்லறை, சில்லறை! ஈர நோட்டு எங்கிட்ட, காசு உங்ககிட்ட! வரிசையா வாங்க. பெரியவங்க கொஞ்சம் உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!”

ஆள் வேண்டாம் என்பதற்காகக் கண்டுபிடித்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்டக்டர் நின்று வேலை பார்த்தார். அத்தை பெஞ்சுக்கும் சன்னலுக்கும் கயிறு கட்டி, ஈர நோட்டுகளைத் துணிக் கிளிப்பில் மாட்டிக் காயப்போட்டாள். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதே பாதி வேடிக்கை. பதினோரு மணிக்கு முதல் மூன்று தட்டும் காலி. மாப்பிள்ளை இரண்டு சுருள்களைச் சரிசெய்தான். வாழைப்பழத் துண்டு முதலில் தீர்ந்தது.

சனிக்கிழமை இப்படி என்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு. கண்டக்டர் ஏறக்குறைய பழைய ரூட்டிலேயே இருந்தார். ஒரு பாக்கெட் விழவேண்டியது, “ஆச்சா? அடுத்த ஆளு!” என்பார். பத்தரை மணிக்குக் குளத்தில் பந்தயம் வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் கரை ஓரத்தில் முழங்காலை மடக்கி நின்றார்கள். வரிசைக் கடைசியில், ஆழமில்லாத பக்கத்தில், பெரியவர்கள் வகுப்பிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர். மூன்று மாதமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை என்று பெஞ்சு மொத்தத்துக்கும் தெரியும். டீச்சர் விசிலை வாயருகே கொண்டுபோய், பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் கடலைப் பாக்கெட் ஒன்று அழகாக விழுந்தது. கண்டக்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அனிச்சையாகக் கை மார்புக்குப் போயிற்று. இரண்டு ஊதினார்.

அந்தக் குளத்திலும் இரண்டு ஊதினால் ரைட்தான்.

இருபத்தேழு பேரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள். தண்ணீர் சுவரைத் தாண்டி வந்து பெஞ்சில் இருந்தவர்களை நனைத்தது. கயிற்றில் காய்ந்த நோட்டெல்லாம் மறுபடி ஈரம்.

“யாரு ஊதினது?” டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார். “நான் கேக்கறேன், யாரு ஊதினது?”

கண்டக்டர் விசிலைப் பைக்குள் தள்ளப் பார்த்தார். அது கழுத்துக் கயிற்றில் இருந்தது. “பழக்க தோஷம் டீச்சர். பாக்கெட் இறங்கிருச்சு, வண்டியை எடுக்கலாம்னு...”

“எந்த வண்டிய? எடுங்க மெஷின. இப்பவே எடுங்க.”

அத்தை கணவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாப்பிள்ளை மெஷினின் பிளக்கைக் கையில் பிடித்தான். பிடுங்கவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

“டீச்சர்! குதிச்சிட்டேன் டீச்சர்!”

பேங்க் மேனேஜர். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்.

“நான் விசில் ஊதவே இல்ல சார்!”

“யாரு ஊதினா என்ன டீச்சர்! குதிச்சிட்டேன் பாருங்க!”

சுற்றி இருபத்தாறு பிள்ளைகளும் கைதட்டின. டீச்சர் கொஞ்ச நேரம் கடுமையாக இருக்க முயன்றார். முடியவில்லை. மேனேஜர் சொட்டச் சொட்ட வெளியே வந்து, உயிர் பிழைத்தவர் மாதிரி மூன்று பாக்கெட் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றார்.

“மெஷின் இருக்கட்டும்,” என்றார் டீச்சர். “விசில் வீட்டுல இருக்கட்டும். ஆனா ஒண்ணு. உங்க மாமாவ நம்பி நான் இதை விட மாட்டேன். வாழைப்பழம் சார், சனி ஞாயிறு நீங்கதானே வருவீங்க?”

அத்தை கயிற்றில் நோட்டை மாட்டுவது போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் சொன்னார். “அவரு வேற ஊருக்குப் போறாரு டீச்சர். பெரிய வேலை. நாளைக்கு எழுதிக் குடுக்கணும். நான் பழகிக்கறேன். சுருளோட நுனி பக்கவாட்டுல நிக்கணும், அவ்வளவுதானே மாப்ள?”

“கீழ பாத்து மாமா.”

“அதான், கீழ. பாருங்க, நானே மாட்டறேன்.” மூன்றாவது தட்டில் ஒரு சுருளைக் கழற்றி, நாலு தடவை முக்கி, மாட்டினார். கையைத் தட்டிக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். தொண்டை கட்டிய குரலில், மெதுவாக, “எங்களுக்காக யோசிக்காதீங்க. மெஷின நான் எதுக்கு வாங்கினேன்னு உங்களுக்கே தெரியும். அது தப்பு. இறங்கற எடம் வந்தா இறங்கிரணும். நான் மனசார ரைட் சொல்றேன்,” என்றார். கை மார்பைத் தடவியது. விசில் அங்கே இல்லை.

“அண்ணா!” ஒரு பெண் ஓடிவந்தாள். பத்து வயது இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. “வாழைப்பழம் தொங்குது! விழ மாட்டேங்குது! எனக்குப் பசி!”

மூன்றாவது தட்டு. கண்டக்டர் மாட்டிய சுருள். நுனி பக்கவாட்டில் இருந்தது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக் கதவைத் திறந்து, சுருளைக் கால் சுற்றுத் திருப்பினான். கதவை மூடினான். பாக்கெட் விழுந்தது. அந்தப் பெண் அதைக் கையால் பிரிக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். தலையைத் துவட்டாமல், வெயிலில் நின்று, இரண்டு கன்னமும் உப்பத் தின்றாள்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை தானாகவே மணிக்கட்டைத் தடவியது.

“என்ன மாப்ள?” என்றார் கண்டக்டர் பின்னாலிருந்து. “ரைட்டா?”

“ஹோல்டான், மாமா,” என்றான்.

கண்டக்டருக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் சொல்லை அவரிடமே யாரும் அப்படிச் சொன்னதில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு வந்தாள். கைப்பை ஜிப்பைத் திறந்து விசிலை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயில் வைத்து, கன்னம் இரண்டும் சிவக்க, நீளமாக ஒன்று ஊதினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், குளத்தில் நீந்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியப்படியே நின்றார்கள்.